சேவ் பண்ட்டேன்

அணைந்து கிடந்த போனுக்குள் ஒரு ஃபைல் இன்று மதியம் மாறியிருந்தது.

எழில்மொழி லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி வைத்து மறுபடி பார்த்தாள். அதே தேதி, அதே நேரம். தம்பி பீம்ராவின் பழைய போன் நேற்று ராத்திரியிலிருந்து எவர்சில்வர் டப்பாவுக்குள் செத்துக் கிடந்தது. கேபிளைச் செருகி அவள் அதற்கு உயிர் கொடுத்து ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. அவனுடைய கேமை இன்னும் திறக்கவேயில்லை. ஆனாலும் கேமின் சேவ் ஃபைல் இன்று மதியச் சாப்பாட்டு நேரத்தைக் காட்டியது, யாரோ உட்கார்ந்து ஆடிவிட்டு எழுந்து போயிருந்தால் எப்படிக் காட்டுமோ அப்படி.

போனின் கடிகாரம் குழம்பியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பேட்டரி உப்பிப்போய், கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிற போன். அது காட்டுகிற நேரத்தை நம்பிப் பயப்படுவது மடத்தனம். இருந்தாலும் சுண்டு விரலால் அதைத் தன்னிடமிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். எர்ணாவூர் குடியிருப்பின் இரண்டாவது மாடியில், எந்தக் கம்பெனியிலிருந்து வருகிறதென்று யாரும் ஒத்துக்கொள்ளாத அந்த கேஸ் நாற்றம் காலையிலேயே ஏறியிருந்ததால் ஜன்னல்களையெல்லாம் சாத்தியிருந்தாள். சாத்திய ஜன்னலுக்கு வெளியே கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று பிரேக்கில் காற்றை விட்டு விட்டு நகர, அந்தப் பெருமூச்சுக்கு நடுவே எங்கோ ஒரு இரும்புச் சங்கிலி தரையில் இழுபட்டது. அம்மா கெங்கம்மா கீழே தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்றிருந்தாள். சுவரில் அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் பீமுவின் படம். போன மழைக்காலத்தில் மாட்டியது.

வேலை என்னவோ சின்ன வேலைதான். அவள் வேலை பார்க்கும் கல்மண்டபத்து ஷிப்பிங் ஆபீசுக்குக் கீழே போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் யாசின் பாய் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். போனைத் திருப்பிப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாம்மா இது, வயிறு உப்பிகினு கீது? இத்த சார்ஜுல போட்டு தூங்கிடாத, வெடிச்சா வூடே பூடும்."

"உள்ள தம்பி கேம் கீது பாய். அத்த மட்டும் எடுக்கணும். அம்மா தெனம் பாக்கும்."

"நெட்டுல ஏறாத கேமா? அப்ப சேவ் ஃபைல கையால தான் எடுக்கணும். போன்லயே தேடுனா காட்டாது, மறைச்சி வெச்சிருப்பான். கம்ப்யூட்டர்ல கேபிள் போட்டு தொற. டேட்டாவுக்குள்ள கேமு பேர்ல ஒரு ஃபோல்டரு இருக்கும், அதுக்குள்ள சேவ்ஸுன்னு ஒண்ணு. அத்த அப்படியே காப்பி பண்ணு. புது போன்ல அதே எடத்துல வெச்சா, வுட்ட எடத்துலேர்ந்து ஆடலாம்." கவுண்டருக்கு மேலே குனிந்து குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு மட்டும் மறக்காத. புதுசா ஒரு சேவ் போட்டா பழைய சேவ் மேலயே எழுதிடும். அப்பறம் நீ தலகீழ நின்னாலும் பழசு வராது."

பீமு அதற்குள் கட்டியது ஒரு வீடு. சதுரம் சதுரமான கட்டைகளைத் தோண்டி எடுத்து அடுக்கிக் கட்டுகிற கேம் அது. இந்தக் குடியிருப்பில் அம்மாவுக்குக் கொடுக்க முடியாததையெல்லாம் அதில் கொடுத்திருந்தான்: தனிச் சமையல்கட்டு, மாடிப்படி, கடலைப் பார்த்த ஜன்னல், சிவப்புக் கதவு போட்ட தனி அறை. கதவுக்கு மேலே பலகையில் 'அம்மா ரூம்' என்று ஆங்கில எழுத்தில் தப்பும் தவறுமாக எழுதியிருந்தான். கதவின் முன்னால் அவனுடைய பொம்மை, நீலச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டுமாக, நின்றபடியே லேசாக மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

சாயங்காலம் ஆனால் கெங்கம்மாவுக்கு அது வேண்டும். எழில்மொழி போனைத் தண்ணீர் டம்ளரில் சாய்த்து வைத்துத் திறந்து கொடுப்பாள். அம்மா எதையும் தொடமாட்டாள். பொம்மை மூச்சு விடுவதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் ஒரே பேச்சைத்தான் பேசுவாள். "ஒடனே பூட்டானாம் எழிலு. சூப்பர்வைசர் சொன்னாரில்ல? கேஸு ஏறுனதும் மயக்கமாம். கஷ்டமே படலியாம் எம்புள்ள. பட்டிருந்தா நம்மள கூப்ட்டிருக்க மாட்டானா?"

"ஆமாம்மா," என்பாள் எழில்மொழி.

சொல்லிக்கொண்டே போன் சாய்ந்திருக்கும் டம்ளரைச் சரிசெய்வாள்.

அவன் கூப்பிட்டிருந்தான்.

எண்ணூர்ப் பக்கம் ஒரு எண்ணெய்க் கிடங்கில் தொட்டி கழுவுகிற வேலை. பெரிய போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்பதால் அதை வீட்டில் விட்டுவிட்டு, ஒரு பட்டன் போனைக் கால்சட்டைக்குள் ஒளித்து எடுத்துப் போவான். காலையில் கடைசி நிமிடம் வரைக்கும் கேம் ஆடிவிட்டு, சேவ் போட மறந்து ஓடுவான். சாப்பாட்டு நேரத்தில் போன் வரும். "யக்கா, கேமு ஓப்பன்ல கீது. சேவ் பண்ணுக்கா." இது அந்த வீட்டில் ஒரு கேலிப் பேச்சாகவே ஆகியிருந்தது. அவன் சோறு கேட்டு அழுத நாட்களைவிட சேவ் கேட்டு அழுத நாட்கள்தான் அதிகம் என்று அம்மாகூடச் சொல்வாள்.

அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே கூப்பிட்டுவிட்டான். எழில்மொழிக்கு லீவு, அம்மா வெளியே போயிருந்தாள். நகத்துக்குப் பாலிஷ் போட்டு, அது காய்வதற்காக விரல்களை விரித்து வைத்திருந்த நேரம். எரிச்சலோடு உள்ளங்கையால் போனை எடுத்தாள். ஏதோ குடத்துக்குள்ளிருந்து பேசுகிற குரல்.

"யக்கா... சேவ் பண்ணுக்கா..."

"பண்றேன்டா. இன்னா இப்பவே?"

"யக்கா... சேவ்... சேவ் பண்ணுக்கா..."

"பண்ட்டேன்டா, பண்ட்டேன்! போன வை!"

பண்ணவில்லை. நகம் இன்னும் காயவில்லை. அதனால் பொய் சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

சேவ் என்றால் அவனுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பது அவளுக்குத் தெரியாததல்ல. தோஸ்துகளோடு சேர்ந்து சண்டை கேம் ஆடும்போது, குண்டடி பட்டு விழுந்த இடத்திலிருந்து அவன் கத்துவது தெருமுனை வரை கேட்கும். "மாமு, சேவ் பண்ணு மாமு! என்ன சேவ் பண்ணு!" மூச்சு போகிற நேரத்தில் வாய்க்குப் பழகிய வார்த்தைதானே வரும்? அதற்கு அவன் கடைசியாகக் கேட்ட பதில், பண்ட்டேன். அதை நம்பி எவ்வளவு நேரம் காத்திருந்தானோ. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த அன்றே தன் போனில் அந்த அழைப்பை அழித்துவிட்டாள். அவனுடைய பட்டன் போன் தொட்டிச் சேற்றில் கிடைக்கவில்லை. யாரும் மெனக்கெட்டுத் தேடவும் இல்லை. ஆக, அந்த அழைப்பு இப்போது அவளிடம் மட்டும்தான் இருக்கிறது.

இந்த வீட்டையாவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறாள்.

சேவ்ஸ் ஃபோல்டரை லேப்டாப்பில் காப்பி செய்தாள். ஒரு மெமரி கார்டிலும் போட்டுக்கொண்டாள். பிறகு அம்மாவுக்காக வாங்கிய புது போனில் கேமை ஏற்றி, அதே இடத்தில் ஃபோல்டரை வைத்து, திறந்தாள்.

வீடு வந்தது. மாடிப்படி, ஜன்னல், சிவப்புக் கதவு. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

பிறகுதான் கதவுக்கு முன்னால் யாரும் இல்லை என்பதைப் பார்த்தாள்.

பொம்மை வீட்டின் வெளிவாசலில் நின்றது. வீட்டுக்கு முதுகு காட்டி, தலையைக் குனிந்து. அதன் காலடியில், அவன் ஒருபோதும் தோண்டியிராத ஒரு குழி. அந்த கேமில் எல்லாமே சதுரம். வளைவாக எதையும் கட்டவே முடியாது என்று பீமு அலுத்துக்கொள்வான். இந்தக் குழி வட்டமாக இருந்தது.

எழில்மொழி ஜன்னல் வழியாகக் கீழே எட்டிப் பார்த்துக் கத்தினாள். "ம்மா! பீமு கேம்ல கைய வெச்சியா?"

குட வரிசையிலிருந்து கெங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள். "நான் எங்கடி தொட்டேன்? பாக்கறதோட செரி. இன்னா, வூடு பூட்ச்சா?"

"இல்லம்மா. கீது."

ஜன்னலைத் திறந்து சாத்திய அந்த நேரத்துக்குள் நாற்றம் அறைக்குள் புகுந்திருந்தது. அழுகின முட்டை நாற்றம், அதற்கு அடியில் எண்ணெய். ஆஸ்பத்திரியில் பீமுவின் துணிகளை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தபோது அதிலிருந்து வந்த நாற்றம்.

காப்பி பண்ணும்போது ஏதோ கெட்டுப்போயிருக்கும். புது போனிலிருந்து ஃபோல்டரை அழித்தாள். லேப்டாப்பில் இருந்ததை மறுபடி எடுத்து வைத்தாள். ஒரு காப்பிக்குள் எதுவும் நகராது, அது போட்டோ மாதிரிதான் என்று யாசின் பாய் சொல்லியிருந்தார். வைத்தது வைத்தபடி இருக்கும்.

திறந்தாள். வீடு இல்லை. நாலு பக்கமும் இருட்டு. இருட்டு இல்லை, சுவர். துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வளைந்து போகும் சுவர். பொம்மை அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தது. மேலே, எட்டாத உயரத்தில், வட்டமாக வெளிச்சம். திரையின் ஓரத்தில் சின்னச் சின்ன நீலக் குமிழ்கள் வரிசையாக இருந்தன. தண்ணீருக்குள் முங்கினால் மட்டும் வருகிற மூச்சுக் குமிழ்கள் அவை, எல்லாம் உடைந்தால் பொம்மை செத்துவிடும். இங்கே தண்ணீரே இல்லை.

ஒரு குமிழ் உடைந்தது.

கேமை மூடினாள். அழித்தாள். இந்த முறை மெமரி கார்டிலிருந்து எடுத்து வைத்தாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள்.

திறந்தாள். அதே தொட்டி. வெளிச்ச வட்டம் இன்னும் சின்னதாக, இன்னும் உயரத்தில் இருந்தது. குமிழ்கள் குறைந்திருந்தன. பொம்மை சுவரை அடித்துக்கொண்டிருந்தது. கேமில் சத்தத்தை அவள் வைக்கவேயில்லை. ஆனால் டங் என்று கேட்டது. லாரிச் சங்கிலியாக இருக்கும். மறுபடி, டங். மாடிக்கு மேலே தண்ணீர்த் தொட்டியாக இருக்கும். அது பிளாஸ்டிக் தொட்டி.

டங்.

மேஜையிலிருந்து வந்தது. உப்பிய போனுக்குள்ளிருந்து. தூக்கிக்கொண்டிருந்த கண்ணாடி ஒவ்வொரு அடிக்கும் லேசாகத் துள்ளியது.

புது போனின் திரையில் பொம்மைக்குப் பக்கத்தில் ஒரு பலகை முளைத்திருந்தது. அம்மா ரூம் பலகையைப் போலவே ஆங்கில எழுத்தில், அதே தப்பும் தவறுமாக.

யக்கா சேவ் பண்ணு.

எழில்மொழி வாயைப் பொத்திக்கொண்டாள். உள்ளே எத்தனையோ நாளாக அடைத்துக் கிடந்தது அழுகையாக வந்தது. "இப்ப பண்றேன்டா," என்றாள். "இப்ப பண்றேன், இரு, இரு." நகம் காய்கிறதென்று அன்றைக்குத் தொடாத பட்டனை இன்றைக்காவது தொட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. மெனுவைத் திறந்தாள். கடைசி வரிசையில் சேவ் இருந்தது. பழையதன் மேல் எழுதவா என்று கேட்டது. ஆம்.

குமிழ் உடைவது நின்றது.

தட்டுவதும் நின்றது. வெளியே லாரிகளும் ஓய்ந்திருந்தன. சுவரில் மாட்டிய படத்துக்குப் பக்கத்தில் சீரியல் பல்பு மினுக்கிக்கொண்டிருந்தது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒரு நிமிடம், உண்மையாகவே, நிம்மதியாக இருந்தது.

அப்புறம்தான் யாசின் பாய் குரல் தாழ்த்திச் சொன்னது நினைவுக்கு வந்தது.

சேவ் என்றால் காப்பாற்றுவது அல்ல. இருக்கிற இடத்திலேயே, இருக்கிறபடியே நிறுத்தி வைப்பது.

அவசரமாக லேப்டாப்பைப் பார்த்தாள். அதிலிருந்த காப்பியின் நேரம் மாறியிருந்தது. இப்போது, இந்த நிமிடம். மெமரி கார்டு. இந்த நிமிடம். பழைய போன். இந்த நிமிடம். எல்லாவற்றிலும் மேலெழுதியாகிவிட்டது. வீடு எங்கேயும் இல்லை. சிவப்புக் கதவு எங்கேயும் இல்லை. எங்கே திறந்தாலும் தொட்டி. தொட்டியில் அவன். கடைசிக் குமிழோடு. அதுவும் உடையாது இனி.

செத்துப்போனவனை அவள் சாகவிடாமல் செய்திருந்தாள்.

படிக்கட்டில் கெங்கம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. எழில்மொழி புது போனைக் கவிழ்த்து வைத்தாள். அம்மா இடுப்புக் குடத்தை இறக்கி, முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"ஒரே கலீஜு நாத்தம் இந்தத் தண்ணி. எங்கேர்ந்து மொண்டாறானுங்களோ." கை அலம்பிக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் உட்கார்ந்தாள். "காட்டு, எம்புள்ள வூட்ட."

"ம்மா... இன்னிக்கு வேணாம்மா."

"ஏண்டி?"

சொல்லிவிடலாம். எல்லாவற்றையும். கூப்பிட்டான்மா, நான்தான் வைத்துவிட்டேன்மா. வாயைத் திறந்தாள்.

போன் அடித்தது.

கவிழ்ந்து கிடந்த புது போன். கெங்கம்மாதான் எட்டி எடுத்தாள். பெயரைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வருகிற சில பெயர்களில் அது ஒன்று. முகம் அப்படியே மலர்ந்துபோனது.

"அலோ? பீமு? நைனா, நீயாடா? இன்னாடா, கெணத்துக்குள்ளேர்ந்து பேசுற மாறி கீது?"

"ம்மா, வை. அத்த வைம்மா."

"இரு, பேசறான் இல்ல?" கெங்கம்மா கையால் அவளைத் தடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. "இன்னா நைனா? சேவா? அக்காவையா? இரு, கேக்கறேன்." போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே மகளைப் பார்த்தாள். "எழிலு, சேவ் பண்ண சொன்னானாமே?"

எழில்மொழி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"பண்ட்டேன்னு சொன்னியாமே?" சிரிப்பு இன்னும் அம்மாவின் முகத்தில் இருந்தது. ஆனால் கண்களில் அது இல்லை. "இன்னும் யாரும் வரலியே யக்கான்றான்."

பழைய போன் தானாக எரிந்தது. உப்பிய கண்ணாடிக்குக் கீழே தொட்டியின் உட்புறம் தெரிந்தது, அவன் பார்க்கிற பார்வையில், அடியிலிருந்து மேலே. வளைந்த சுவர். உயரத்தில் வட்ட வெளிச்சம். அதன் விளிம்பில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்று காதில் போனை வைத்திருந்தது.

எழில்மொழி அசையவில்லை. நாற்காலியை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அசையவேயில்லை.

திரையில் மற்ற தலை பின்வாங்கியது. விரல்கள் தெரிந்தன, பாலிஷ் காய்வதற்காக விரித்துப் பிடித்த விரல்கள். உள்ளங்கையால் தள்ளத் தள்ள, வட்டத்தின் மேல் இரும்பு மூடி மெல்ல நகர்ந்து வந்தது.